ஊட்டியில் கேமரா பேட்டரி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

உறைபனி பார்க்கவும் சீசனுக்கும் கேமராவோடு மலையேறி வருகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சேரிங்கிராஸ் பக்கம் ஒரு கடையில் டூப்ளிகேட் பேட்டரியை ஒரிஜினல் என்று சொல்லி என்னிடம் விற்றார்கள். காசு போனதைவிட, அது கேமராவுக்குள்ளேயே உப்பிக்கொண்டதுதான் எனக்கு ஆறவில்லை.

என் கேமராவுக்கு வேண்டியது எல்பி-ஈ17 என்ற கேனன் கம்பெனி பேட்டரி. 7.2 வோல்ட், 1040 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு). பழைய பேட்டரி தளர்ந்துவிட்டதால் இன்னொன்று கேட்டேன். "கம்பெனி மால் சார், தைரியமா வாங்கிட்டுப் போங்க" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். கம்பெனி பெயர், ஹாலோகிராம் எல்லாம் இருந்தன. விலை 1,900 ரூபாய். பில் கேட்டதற்கு மெஷின் ரிப்பேர் என்று சொல்லி, கடை முத்திரை குத்திய துண்டுச் சீட்டில் "பேட்டரி 1" என்று எழுதித் தந்தார்.

தலைக்குந்தா புல்வெளியில் விடியற்காலையில் உறைபனியைப் படமெடுக்கப் போனேன். திரையில் முழு சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி, வெயில் விழுவதற்குள் சட்டென்று செத்துப்போனது. கடைக்குப் போய்ச் சொன்னால், "ஊட்டிக் குளிருக்கு எந்த பேட்டரியும் இப்படித்தான் சார்" என்றார்.

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் வெளியூர்க்காரர்கள் நம்பித் திரும்பிவிடுகிறார்கள். குளிரில் லித்தியம் அயான் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகும், சார்ஜ் இருந்தும் வெளியே வராது. ஆனால் நல்ல பேட்டரியைக் கழற்றி ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால், உடம்புச் சூட்டில் மறுபடி வேலை செய்யும். என் பழைய பேட்டரி அன்றைக்கு அப்படித்தான் மீண்டு வந்தது. புதியது வீட்டுக்கு வந்து சூடேறிய பிறகும் மீளவில்லை. (சட்டைப் பையில் வைக்கும்போது மூடியைப் போட்டு வையுங்கள். சாவியோ சில்லறையோ முனைகளில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.)

சார்ஜ் போட்டபோது கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அப்புறம் கேமராவில் போட்டது வெளியே வரவே இல்லை. கோயம்புத்தூர் சர்வீஸில்தான் எடுத்தார்கள்; பக்கவாட்டில் புடைத்திருந்தது. எந்தக் குளிரும் பேட்டரியை உப்ப வைக்காது. உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு சேர்வதால்தான் உப்புகிறது. இதைச் சொன்னதும் கடைக்காரர், "அப்போ உங்க சார்ஜர் கோளாறு" என்று மாற்றிப் பேசினார். "அண்ணே, அதே சார்ஜர்லதான் பழைய பேட்டரியும் போடுறேன், அதுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டேன். விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று போர்டைக் காட்டினார்.

சரி, வாங்கும் முன் என்ன பார்க்கலாம்? முதலில் எம்ஏஎச். 1040 இருக்க வேண்டிய அதே அளவு டப்பாவில் 2,000, 2,600 என்று அச்சிட்டிருந்தால் பொய். அடுத்தது எடை: எல்பி-ஈ17 ஏறத்தாழ 45 கிராம், கையில் எடுத்தவுடன் லேசாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை. இந்தியாவில் விற்கும் இந்த வகை பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று வந்துவிடும். எனக்கு விற்றதில் இருந்த எண்ணைப் போட்டேன். சம்பந்தமே இல்லாத வேறொரு பொருள் வந்தது. கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம்.

வேறு கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெயரில், பதிவு எண்ணோடு விற்கும் பேட்டரிகளை நான் குறை சொல்லவில்லை. அவற்றில் நல்லவை உண்டு. இன்னொருவர் பெயரை ஒட்டி விற்பது மோசடி, அதோடு ஆபத்தும்கூட.

உப்பிய பேட்டரி கையில் இருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், இன்னொரு தடவை சார்ஜ் போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு டப்பாவில், மரச்சாமானும் துணியும் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். நல்ல பேட்டரிக்கும் ஒன்று உண்டு: உறைபனியிலிருந்து வந்த கையோடு சார்ஜ் போடக் கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும்.

திரும்ப வாங்குவதில்லை என்ற அந்தப் போர்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். நான் துண்டுச் சீட்டு, பேட்டரியின் படம், செயலியில் வந்த விவரம் மூன்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் கொடுத்திருக்கிறேன். இதே பகுதியில் உங்களுக்கும் இப்படி விற்றிருந்தால், பேட்டரியைக் கழிக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு நீங்களும் அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.