சி ட்ரைவைப் பெருசாக்கப் போய் 380 ஜிபி போச்சு, ரிமோட் சர்வீஸ் ஆளுங்ககிட்ட உஷாரா இருங்க

நேத்து நைட்டு நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கல. நாமளே பார்ட்டிஷன் (ஒரே டிஸ்க்கை சி, டி-ன்னு பிரிக்கறது) பண்றது எப்படின்னு கடைசில ஸ்டெப் ஸ்டெப்பா எழுதறேன், முதல்ல நான் ஏமாந்ததைக் கேளுங்க.

லேப்டாப்ல 1 டிபி எஸ்எஸ்டி (விண்டோஸ் அதை 931 ஜிபின்னுதான் காட்டும், அது வேற கணக்கு). சி ட்ரைவ் 100 ஜிபி, நிறைஞ்சு செவப்பாயிருச்சு. மீதியெல்லாம் டி, அதுல 380 ஜிபி இருந்துச்சு, எட்டு வருஷ போட்டோ, வேலை ஃபைலு எல்லாம். விண்டோஸ்லயே இருக்கற டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து டி-யை ஷ்ரிங்க் பண்ணி (சுருக்கி) 200 ஜிபி காலி இடம் எடுத்தேன், அதுவரைக்கும் ஒழுங்காத்தான் போச்சு, ஆனா சி மேல ரைட் கிளிக் பண்ணா அதைப் பெருசாக்கற எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலா கெடக்கு, அமுக்கவே முடியல. அங்கயே நிறுத்தித் தொலைச்சிருக்கணும். ஆன்லைன்ல தேடி, ரிமோட்ல வந்து சரிபண்ணித் தர்ற ஒரு சர்வீஸைப் புடிச்சு காசும் கட்டிட்டேன்.

பேசினவனுக்கு அப்படியொரு பொறுமை. டி-ல முக்கியமானதெல்லாம் இருக்குங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன், "கவலையே படாதீங்க சார், ஒரு ஃபைல் கூட அசையாது"ன்னான். ரிமோட்ல உள்ள வர்றதுக்கான கோட் நம்பரைக் குடுத்தேன், மவுஸ் தானா நகர ஆரம்பிச்சுது. டி மேல டெலீட் வால்யூம் போனான், இதுல இருக்கற டேட்டா மொத்தமும் அழிஞ்சிரும்னு பெட்டி வருது, என் கண்ணாலயே பாத்தேன், இது என்னங்கன்னு கேக்கறேன், "அது எல்லாருக்கும் வர்றதுதான் சார்"னு சொல்லிக்கிட்டே எஸ் அமுக்கிட்டான்.

அஞ்சே நிமிஷம். சி 300 ஜிபி ஆச்சு, புதுசா ஒரு டி வேற, குயிக் ஃபார்மேட் போட்டு பளிச்சுன்னு காலி. என் 380 ஜிபி எங்கடான்னா, "பேக்கப் கஸ்டமர் பொறுப்பு சார்". டிக்கெட் (புகார்) போடுங்கன்னான், போட்டேன், ரெண்டு மணி நேரம் கழிச்சு "உங்க வேலை வெற்றிகரமா முடிஞ்சது"ன்னு க்ளோஸ் பண்ணிட்டாங்க. திரும்ப கேட்டா ரெகவரிக்குத் தனியா காசு கட்டணுமாம். அழிச்சவனே எடுத்துத் தர்றதுக்கும் காசு! இப்ப மெசேஜைப் படிச்சிட்டு பதிலே போடறதில்ல.

ஸ்டெப் ஸ்டெப்பா எழுதற நெலமைல இல்ல, மன்னிச்சுக்கங்க. எக்ஸ்டெண்ட் மங்கலா இருந்தா காலி இடம் சி-க்கு ஒட்டி வலது பக்கம் இல்லன்னு அர்த்தம். டி-யை ஷ்ரிங்க் பண்ணா காலி இடம் டி-க்கு அந்தப் பக்கம்தான் போய் நிக்கும், விண்டோஸ் டூலுக்கு பார்ட்டிஷனை நகர்த்தத் தெரியாது. அதனால மொதல்ல டி-ல உள்ளதை வேற டிஸ்க்ல காப்பி எடுங்க, அப்புறம் எதையும் தொடுங்க. டிஸ்க்பார்ட்ல (கமாண்ட் அடிச்சு டிஸ்க்கை மாத்தற விண்டோஸ் டூல்) க்ளீன்னு அடிக்கச் சொன்னா அடிக்காதீங்க, எஸ் நோ கூட கேக்காது, மொத்த டிஸ்க்கோட பார்ட்டிஷனும் போயிரும். தப்பித் தவறி அழிஞ்சா உடனே ஆஃப் பண்ணுங்க, எஸ்எஸ்டில ட்ரிம் (அழிச்ச இடத்தை எஸ்எஸ்டியே உள்ள தொடைச்சுவிடறது) ஓடிருச்சுன்னா திரும்ப எடுக்கறது கஷ்டம். நான் அது தெரியாம, ரெகவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்ல எறக்கி விடிய விடிய ஓட்டிக்கிட்டு இருந்தேன்.