ஹட்டன் அருகே ஒரு கராஜ்: பழைய லேண்ட் ரோவரின் ஒயில் கசிவைத் திருத்திய விதம்

ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில், பிரதான வீதியை விட்டுச் சற்று உள்ளே, பெயர்ப்பலகை இல்லாத சிறிய கராஜ் ஒன்று இருக்கிறது. எங்கள் சீரீஸ் 3 டீசல் லேண்ட் ரோவரின் ஒயில் கசிவைத் திருத்த அங்கேதான் கொடுத்தோம். 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட இந்த வகை வண்டிகள் மலையகத்தில் இன்னும் ஓடுகின்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இருக்கிற வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அப்படியிருந்தும், லேண்ட் ரோவர் என்றால் ஒயில் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பிவிடும் கராஜ்களையே அதிகம் பார்த்திருக்கிறோம்.

மலைப்பாதையில் அந்தப் பேச்சு ஆபத்தானது. இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சில்லுகளில் இல்லை. கியர் பொக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின்புறம், பின் சில்லுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு டிரம்மில் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள ஒயில் சீல், அதாவது ஒயிலை வெளியே விடாமல் தடுக்கும் வளையம், தேய்ந்தால் கியர் ஒயில் நேராக அந்த டிரம்முக்குள் இறங்கி, பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். பிறகு கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் சரிவில் வண்டி நிற்காது. எங்கள் வண்டியில் நடந்ததும் இதுதான்.

அந்த கராஜின் பாஸ் எடுத்தவுடன் எதையும் கழற்றவில்லை. வண்டியின் அடிப்பாகத்தை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, நோர்வூட் பக்கமாக ஓட்டிவிட்டு வந்து, ஈரம் எங்கிருந்து புறப்படுகிறது என்று விளக்கு வைத்துப் பார்த்தார். ஓடும்போது அடிக்கும் காற்று ஒயிலைப் பின்னோக்கித் தள்ளிவிடுவதால், பழைய அழுக்கின் மீது பார்த்தால் முன்னால் உள்ள கசிவு பின்னால் உள்ளதாகவே தெரியும் என்று அவர் விளக்கியது எனக்குச் சரியாகப் பட்டது.

எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையில் உள்ள ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை உண்டு. ஆழமான தண்ணீரைக் கடக்கும்போது மட்டும் அதற்கு ஒரு பிளக்கை முறுக்க வேண்டும். மற்ற நேரங்களில் அது திறந்தே இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் யாரோ அதை நிரந்தரமாக மூடி வைத்திருந்தார்கள். கழற்றியதும் ஒழுகிய ஒயில் கறுப்பாக இருந்தது, கியர் ஒயிலுக்கே உரிய கந்தக வாடை அதில் இல்லை. எனவே அது எஞ்சின் ஒயில் என்றும், எஞ்சினின் பிரதான சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் வழியாக வருகிறது என்றும் முடிவுசெய்தார். அப்போதும் சீலில் கைவைக்காமல், முதலில் எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த கம்பி வலை கரியும் பிசுக்குமாக அடைத்திருந்தது. அந்த வழி அடைபட்டால் எஞ்சினுக்குள் சேரும் அழுத்தம் புதிய சீலைக்கூடத் தாண்டி ஒயிலை வெளியே தள்ளும். இதைக் கவனிக்காமல் சீலை மட்டும் மாற்றும் கராஜில் அதே வேலைக்கு மீண்டும் பணம் கட்ட நேரிடும்.

வலையைக் கழுவிய பிறகு கசிவு நன்றாகவே குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அதன் பின்னரே எங்கள் சம்மதத்தைக் கேட்டுப் பெரிய வேலையில் இறங்கினார். ஆசனப் பெட்டியையும் தரைத் தகடுகளையும் அகற்றி, கியர் பொக்ஸை வெளியே எடுத்து, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றினால்தான் அந்தச் சீலை எட்ட முடியும். சீலின் விலை சிறிது, கூலிதான் பெரிது. ஒயிலில் ஊறிய கிளட்ச் தட்டையும் அப்போதே மாற்றச் சொன்னது நியாயமான ஆலோசனை. தனியாக மாற்றுவதென்றால் இத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

ஹேண்ட் பிரேக் டிரம்முக்கு முன்னால் உள்ள சீலை மாற்றும்போது, அதன் உள்விளிம்பு உரசும் ஃப்ளான்ஜில் (ஷாஃப்டைப் பூட்டும் இணைப்புத் துண்டில்) நகத்தை வைத்தால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பதைக் காட்டினார். பள்ளத்தின் மீது எந்தப் புதிய சீலும் நிலைக்காது. ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து நல்ல நிலையில் உள்ள பழைய ஃப்ளான்ஜ் ஒன்றை வரவழைத்துப் பூட்டினார், லைனிங்கையும் மாற்றினார். இப்போது சரிவிலும் பிரேக் உறுதியாகப் பிடிக்கிறது.

குறைகளும் உண்டு. உத்தேசச் செலவை எழுத்தில் தருவதில்லை. சொன்ன நாளுக்கு வண்டி கிடைக்கவில்லை. உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வருகிறது என்றால் தாமதம் புரிகிறது, ஆனால் அதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். முன் சில்லுகள் திரும்புவதற்கு உதவும் சுவிவல் உருண்டைகளில் குரோம் பூச்சு அரித்திருப்பதால் அங்கு சீல் கிழிந்துகொண்டேதான் இருக்கும் என்பதை அவர் மறைக்கவில்லை; உருண்டையின் விலை அதிகம் என்பதால் அந்த வேலையை நாங்கள் தள்ளிவைத்தோம். அந்த இடத்தில் கசிவு இன்னும் தொடர்கிறது.

வண்டியை ஒப்படைக்கும்போது அவர் சொன்ன ஒரு விடயம் இந்த வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும். கியர் பொக்ஸுக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்கும் தனித்தனி ஒயில் இருந்தாலும், நடுவில் உள்ள சீல் தளர்ந்தால் தரையில் ஒரு துளிகூட விழாமல் முன்னதிலிருந்து பின்னதற்கு ஒயில் போய்விடும். கியர் பொக்ஸ் வறண்டு பற்கள் தேயும் வரை வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஆகவே இரண்டு மட்டங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்து மற்றது கூடியிருந்தால், வெறுமனே ஒயில் ஊற்றிவிட்டுப் போகாமல் உடனே வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்.