பெயர் கற்றுத்தரும் அட்டைப் புத்தகம்: வாங்கலாமா?

ஒன்றரை வயதுப் பேத்திக்காக வாங்கினேன். கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரே படம், கீழே பெரிய எழுத்தில் பெயர். அங்கன்வாடியில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் படங்களைத்தான் முதலில் பார்த்தேன். எல்லாமே புகைப்படங்கள். எனக்கு இது பெரிய விஷயம். சிரிக்கிற கார்ட்டூன் கத்தரிக்காயைக் குழந்தை ரசிக்கும்; ஆனால் அடுப்படியில் கிடக்கிற காயும் அதுவும் ஒன்றுதான் என்று சேர்த்துப் பார்க்கத் திணறும். 15, 18 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொன்னது.

சொம்பு, முறம், தேங்காய்த் துருவி எல்லாம் இதில் இருக்கின்றன. முறம் படத்தைத் தட்டிவிட்டு, சுவரில் தொங்கும் முறத்தைப் பேத்தி கை காட்டினாள். அப்போதே கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிட்டது.

விலங்குப் பக்கங்கள் சுமார். மாடு, ஆடு, நாய் மூன்றையும் ஒரே அளவில், பக்கவாட்டில் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். இந்த வயதில் பெரும்பாலும் வடிவத்தை வைத்துத்தான் ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கும் சொல்வார்கள். நாலு கால் இருந்தால் இவளுக்கு எல்லாமே "ம்மா". அது போகப் போகச் சரியாகிவிடும். ஆனாலும் கொம்பும் தாடியும் தெரியக் கிட்டத்தில் எடுத்திருக்கலாம்.

பின் அட்டையில் க்யூஆர் கோடு. போனில் பெயர் சொல்லும் வீடியோ வரும். இது தேவையே இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜூடி டெலோச் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் இப்படி வீடியோ பார்த்த 12 முதல் 18 மாதக் குழந்தைகள், பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக எதுவும் கற்கவில்லை. அன்றாட வேலைகளுக்கு நடுவே அம்மாவோ அப்பாவோ சொல்லிக் கொடுத்த பிள்ளைகள்தான் அதிகம் கற்றார்கள்.

அதனால் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் கண் எங்கே நிற்கிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். கரண்டியைப் பார்க்கிறவளிடம் பக்கத்தைத் திருப்பி "யானை பார்" என்றால் ஒட்டாது. கரண்டி பக்கத்திலேயே பத்து நிமிஷம் உட்கார்ந்தாலும் சரி. அப்புறம் நிஜக் கரண்டியையும் கையில் கொடுங்கள்.

முனைகள் வளைவாக இருப்பதால் கண்ணில், வாயில் குத்தாது. எச்சில் பட்டும் அட்டை பிரியவில்லை. 350 ரூபாய் கொஞ்சம் அதிகம்தான். புத்தகக் கண்காட்சியில் தள்ளுபடியோடு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.