சீட்டில் இல்லாத ஓர் எழுத்து: எடிட்டிங் கணினி வாங்கப் போகிறவர்களுக்கு

கல்யாண வீடியோ எடிட்டிங்கை நம்பிப் பிழைக்கும் நான், 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் 72,000 ரூபாய் கொடுத்து ஒரு கணினியை அசெம்பிள் செய்து வாங்கினேன். நான் கேட்ட பாகங்களுக்கும் கேபினட்டுக்குள் இருந்த பாகங்களுக்கும் இடையே ஐந்து இடங்களில் வேறுபாடு இருந்தது. அவற்றில் இரண்டு அப்பட்டமான மோசடி. மற்ற மூன்றும், "நாங்கள் எழுதிக் கொடுத்ததைத்தானே கொடுத்திருக்கிறோம்" என்று கடைக்காரர் தைரியமாகச் சொல்லக்கூடிய விதத்தில் செய்யப்பட்டவை. அந்த மூன்றைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் கணினியைப் பற்றி ஓரளவு படித்துவிட்டுப் போகிறவர்களும் அங்கேதான் விழுகிறார்கள்.

எங்கள் தொழிலில் ஆடி மாதம் வேலை இல்லாத மாதம். ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்குள் புதிய கணினி தயாராக இருக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. என்னோடு பணிபுரியும் ஒளிப்பதிவாளர் அப்போதுதான் கேனான் ஆர்6 கேமராவுக்கு மாறியிருந்தார். அதில் கேனான் லாக் முறையில் எடுக்கும் 4கே காட்சிகள் எச்.265, 10 பிட், 4:2:2 என்ற, இறுக்கமாகச் சுருக்கப்பட்ட வடிவில் பதிவாகின்றன. நிறத்திருத்தத்துக்கு அருமையான காட்சிகள்தான், ஆனால் என் பழைய கணினியில் அவை டைம்லைனில் நகரவே மறுத்தன.

ஆகவே ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். இந்த வகைக் காட்சிகளை விரித்துக் காட்டும் வேலையை வன்பொருளிலேயே செய்யும் திறன், இன்டெல்லின் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் முதல், அந்தச் சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதிக்கு உண்டு. 30,000 ரூபாய் விலையுள்ள என்விடியா கிராபிக்ஸ் கார்டுக்கு அப்போது அது கிடையாது. (2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது.) இதனால் ஐ5-12400 பிராசசரைத் தேர்ந்தெடுத்தேன். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நிறத்திருத்தமும் இரைச்சல் நீக்கமும் கிராபிக்ஸ் நினைவகத்தை விழுங்கும் என்பதால், 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060. ராம் 16 ஜிபி, அதுவும் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக. ஒரு டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டி, முடிந்த வேலைகளைச் சேமிக்க 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் 650 வாட் எஸ்எம்பிஎஸ், எச்610 மதர்போர்டு. வெட்டிச் செலவு என்று சொல்லும்படி இதில் எதுவும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வந்து, கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் நான்கைந்து கடைகளில் விலை கேட்டேன். அந்தத் தெருவை நான் குறை சொல்ல வரவில்லை. என் முந்தைய கணினியும் அங்கேதான் வாங்கியது, 9 ஆண்டுகள் உழைத்தது. இந்த முறை, எல்லாரையும்விடக் குறைவாகச் சொன்ன ஒரு கடையில் உட்கார்ந்தேன். என் தேவைகளைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட உரிமையாளர், "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சன்ட் ஏறும் தம்பி, 85,000 கிட்ட வந்துடும். பில் இல்லாம 72,000" என்றார். நான் சம்மதித்தேன். அந்தச் சம்மதம் என் தவறு, அதை மறைக்கப் போவதில்லை. கடைகளில் வாய்மொழியாகச் சொல்லப்படும் சந்தை விலை பெரும்பாலும் வரி சேர்ந்த விலைதான் என்பதும், அதே பாகங்களைப் பில்லோடு வேறிடத்தில் வாங்கியிருந்தால் 74,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும் என்பதும் பிறகு தெரிந்தது. அதாவது 13,000 மிச்சம் என்று நம்பி, 2,000 ரூபாய்க்காக என் கையில் இருந்த ஒரே ஆதாரத்தை விட்டுக்கொடுத்தேன்.

அவர் எழுதித் தந்த எஸ்டிமேட் சீட்டில் கடையின் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. அதில் "ஐ5 12400" என்றும், "3060 கார்டு" என்றும், "16 ஜிபி ராம்" என்றும், "2 டிபி டிஸ்க்" என்றும், "650 எஸ்எம்பிஎஸ்" என்றும் இருந்தது. நான் சொன்னவற்றின் சுருக்கம் என்று நினைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். 20,000 ரூபாயைக் கைப்பேசி வழியே முன்பணமாக அனுப்பினேன். மீதியை இரண்டு நாள் கழித்து ரொக்கமாகக் கொடுத்தேன். பாகங்களின் அட்டைப்பெட்டிகளைக் கேட்டபோது, அசெம்பிள் செய்வது குடோனில் என்றும் பெட்டிகள் அங்கேயே தங்கிவிட்டன என்றும் கடைப்பையன் சொன்னான். திரையில் விண்டோஸ் ஓடுவதைப் பார்த்துவிட்டு, கேபினட்டை இரு முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ரயிலில் ஊர் திரும்பினேன்.

ஆவணியில் முதல் கல்யாணத்தின் காட்சிகளை எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் ஏற்றியபோது, பழைய கணினியில் எப்படித் திணறியதோ ஏறத்தாழ அப்படியே திணறியது. தாலி கட்டும் காட்சியில் மூன்று கேமராக்களின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும், படம் உறைந்து நிற்கும். புராக்ஸி எனப்படும், தரம் குறைந்த தற்காலிக நகல் கோப்புகளை உருவாக்கி வேலை செய்தேன். அதற்கே ஒரு கல்யாணத்துக்கு ஓர் இரவு போயிற்று. இதற்கிடையே, எடிட் செய்ததை இறுதி வீடியோவாக மாற்றும் ரெண்டர் ஓடும்போது இரண்டு முறை கணினி தானாக அணைந்தது. முதல் முறை மின்வாரியத்தைத் திட்டினேன், இரண்டாம் முறை யுபிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டுப் புதிய பேட்டரி மாற்றினேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவர், அதே ஐ5-12400 வைத்து வேலை செய்யும் எடிட்டர் நண்பர் ஒருவர். என்னுடையதைவிட எளிய கார்டை வைத்திருந்த அவரது கணினியில் இதே காட்சிகள் தடையில்லாமல் ஓடின. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி, மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று முதலில் நினைத்தார். தனிக் கார்டு பொருத்தினால் சில போர்டுகள் அதைத் தாமாகவே அணைத்துவிடும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் பயாஸில் அதற்கான தேர்வே வரவில்லை. கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் வயரைப் போர்டிலேயே சொருகினார். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு கார்டைத் திரும்பப் பொருத்தி, டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் முழுப் பெயரைப் படிக்கச் சொன்னார். ஐ5-12400 என்ற எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற ஓர் எழுத்து இருந்தது. ஒரு மாதமாக அந்தத் திரையை எத்தனையோ முறை திறந்திருக்கிறேன், அந்த எழுத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 4.4 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேகம் எல்லாம் இரண்டிலும் ஒன்றே; விளையாட்டுக்காகக் கணினி வாங்குகிறவருக்கு எஃப் வகை சிறந்த சிக்கனம் என்றே சொல்வேன். எனக்கோ, அந்தப் பிராசசரை நான் தேர்ந்தெடுத்ததற்கான ஒரே காரணமே அதில் இல்லை. இரண்டுக்கும் அப்போது கடைகளில் இருந்த விலை வேறுபாடு ஏறக்குறைய 2,500 ரூபாய்.

அன்றிரவே மற்றவற்றையும் சோதித்தோம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது என் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 8 ஜிபி நினைவகம்தான் இருந்தது. 2021இல் வந்த 12 ஜிபி கார்டு 192 பிட் அகலத்தில் நொடிக்கு 360 ஜிபி தரவைக் கடத்தும். 2022இன் பிற்பகுதியில் அதே பெயரில் வந்த 8 ஜிபி கார்டு 128 பிட், 240 ஜிபி. பெயர் ஒன்று, பொருள் வேறு. இந்தக் குழப்பத்தை உருவாக்கியதில் தயாரித்த நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. ரிசால்வில் இரைச்சல் நீக்கம் போட்டால் கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிட்டது என்று ஏன் செய்தி வருகிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ராம், ஒற்றை 16 ஜிபி குச்சி. இரண்டு குச்சிகள் இருந்திருந்தால் டிடிஆர்4-3200 வேகத்தில் நொடிக்கு 51.2 ஜிபி கடத்தக்கூடிய இடத்தில், ஒன்று மட்டும் இருந்ததால் 25.6 ஜிபியோடு ஓடிக்கொண்டிருந்தது.

இனி அப்பட்டமான மோசடிகள் இரண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் பெரிதாக 650 என்று அச்சிட்டிருந்தது. ஆனால் அது மாடலின் பெயர் மட்டுமே. கீழே சிறிய எழுத்தில் இருந்த அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு 22 ஆம்பியர் என்று போட்டிருந்தார்கள். 12ஐ 22ஆல் பெருக்கினால் 264 வாட். கார்டு மட்டும் 170 வாட் இழுக்கும், பிராசசர் உச்சத்தில் 117 வாட். இரண்டும் சேர்ந்தாலே 287. கார்டுக்கு மின்சாரம் தரும் 8 முள் வயர்கூட அதில் இல்லாமல், பழைய டிஸ்க் வயர் இரண்டை ஒன்றாக்கும் இணைப்பான் ஒன்றைப் போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். ரெண்டரின்போது கணினி அணைந்ததற்கு மின்வாரியம் பொறுப்பல்ல. அடுத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது, அது 21,600 மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. நிறுத்தாமல் ஓடினால் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. ஏதோ கண்காணிப்புக் கேமராப் பெட்டியில் உழைத்து ஓய்ந்த டிஸ்க்காக இருக்கலாம் என்பது நண்பரின் ஊகம். அதில்தான் ஒரு குடும்பத்தின் கல்யாணக் காட்சிகளை, வேறு நகல் எதுவும் எடுக்காமல் வைத்திருந்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். டிஸ்க், எஸ்எம்பிஎஸ் இரண்டையும் ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, பையன் மாற்றி வைத்துவிட்டான் என்று சொல்லி மாற்றித் தந்தார்கள். மற்ற மூன்றில் உரிமையாளர் அசையவில்லை. "சீட்டுல 3060ன்னு போட்டிருக்கு, 3060தானே குடுத்திருக்கேன்? 16 ஜிபி கேட்டீங்க, 16 ஜிபி இருக்கு. எஃப் போட்டா ஸ்பீடு ஒண்ணும் குறையாது தம்பி" என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மை என்பதுதான் என்னை வாயடைக்க வைத்தது. 12 ஜிபி என்றும் இரண்டு குச்சி என்றும் நான் வாயால் சொன்னது சீட்டில் ஏறவில்லை. கேட்டதாகவே அவருக்கு நினைவில்லையாம். 6,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் பிராசசரையும் கார்டையும் மாற்றித் தருகிறேன் என்றார். மறுத்துவிட்டு வந்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகார் பதிந்தபோது முதலில் கேட்டது பில்லைத்தான். என்னிடம் இருந்தது முன்பணம் அனுப்பிய பதிவும், பெயரில்லாத ஒரு சீட்டும். தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அது சரியல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது; தனியாளாக எடிட்டிங் செய்கிறவரும் நுகர்வோரே. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. எனக்கு இதை விளக்கிய வழக்கறிஞர், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கடைக்காரர் எங்கேய்யா இருக்கார்?" என்று கேட்டார். நான் மேலே போகவில்லை.

எஃப் பிராசசரை, விளையாடுவதற்காகத் தேடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவருக்கு விற்றுவிட்டு, பெட்டியோடும் பில்லோடும் ஐ5-12400 வாங்கிப் பொருத்தினேன். பெட்டியில் வருவதற்கு இன்டெல் மூன்று ஆண்டு வாரன்டி தருகிறது. இப்போது அந்த 4:2:2 காட்சிகள் புராக்ஸி இல்லாமலே ஓடுகின்றன. ராம் குச்சி இன்னொன்று சேர்த்தேன். 8 ஜிபி கார்டு இன்னும் அப்படியே இருக்கிறது. இரைச்சல் நீக்கத்தைத் தனியாக ரெண்டர் செய்து சமாளிக்கிறேன்.

நீங்கள் வாங்கப் போனால், சீட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் நிறுவனத்தின் பெயரும், கடைசி எழுத்து வரை முழு மாடல் எண்ணும் இருக்கட்டும். கார்டுக்கு நினைவக அளவையும், ராமுக்கு எத்தனை குச்சிகள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாட் எண்ணோடு, மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் தரச்சான்று என்னவென்றும், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்றும் கேளுங்கள். சீட்டு கையால் எழுதியதாக இருந்தாலும், வாட்ஸ்அப்பில் அதைக் கடைக்காரரே அனுப்பும்படி செய்யுங்கள். கண்ணெதிரே பெட்டியைப் பிரித்துப் பூட்டச் சொல்வதும், காலிப் பெட்டிகளை வாங்கி வருவதும், கடையை விட்டு இறங்கும் முன் நான் மேலே சொன்ன இலவச மென்பொருள்களை ஓட்டிப் பார்ப்பதும் சேர்ந்து அரை மணி நேர வேலை.

சென்ற வாரம், கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் வேறொரு கடையில் வாங்கிய கொட்டேஷனைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதிலும் "ஐ5 12400" என்றுதான் இருந்தது. எஃப்பா, எஃப் இல்லாததா என்று ஒரு வரி கேட்டு அனுப்பச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கடையிலிருந்து பதில் வந்தது: "எஃப்தான் சார், எஃப் இல்லாதது வேணும்னா 2,800 கூட ஆகும்."