மெடீவல் லேண்ட்ஸ்: ‘ஆதாரம் கிடைக்கவில்லை’ என்று தானே ஒப்புக்கொள்ளும் வெப்சைட்

லண்டனில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் போன வருடம் தன் குடும்ப மரத்தை ஃபிரேம் போட்டு ஆபீஸுக்கே எடுத்து வந்துவிட்டார். அம்மா வழியில் மேலே மேலே போனால் வாரன் பிரபுக்கள், அவர்களுக்கும் மேலே 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமே உட்கார்ந்திருக்கிறார். மாதச் சந்தா கட்டும் ஒரு வெப்சைட்டில் எடுத்ததாம், பெயர் வேண்டாம். எனக்குப் பழைய பட்டயங்கள் என்றால் கொஞ்சம் கிறுக்கு உண்டு என்பதால், முதல் வாரன் பிரபுவின் மனைவி குன்ட்ரடா ராஜாவின் மகள் என்று எதை வைத்துப் போட்டார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன். ‘ஆதாரம்’ என்ற இடத்தை அழுத்தினால் வேறு ஒருவருடைய மரம், அங்கே அழுத்தினால் இன்னொருவருடைய மரம், அதற்கு ஆதாரம் மறுபடி முதல் மரம். இதற்கா மாதாமாதம் காசு!

அப்புறம்தான் மெடீவல் லேண்ட்ஸுக்குப் போனேன். இடைக்கால அரச, பிரபு குடும்பங்களின் வம்சாவளித் தொகுப்பு இது. சார்ல்ஸ் காலி என்பவர் தொகுத்தது, ஃபவுண்டேஷன் ஃபார் மெடீவல் ஜீனியாலஜி என்ற அமைப்பின் தளத்தில் இருக்கிறது. இலவசம், லாகின் தொல்லை கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் கீழே, இவர் இன்னாருடைய மகன் என்பது எந்தப் பட்டயத்தில், எந்த மடத்துக் குறிப்பில், எந்தச் சமகால வரலாற்றில் வருகிறது என்று அந்த வரியோடு சேர்த்துக் கொடுக்கிறார், பல இடங்களில் லத்தீனிலேயே. ஆதாரம் இல்லையா, ‘இதை உறுதிசெய்யும் மூல ஆவணம் இன்னும் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறார். இந்த வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் வரும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அது வராத பக்கத்தைப் பார்த்தால்தான் சந்தேகமே வருகிறது.

சரி, குன்ட்ரடா. லூயிஸ் ஊரில் அவரும் கணவரும் சேர்ந்து நிறுவிய மடம் ஒன்று உண்டு. அவர் ராஜாவின் மகள், இல்லை வில்லியமின் மனைவி ராணி மட்டில்டாவின் மகள் என்ற கதைக்கு வேர் அந்த மடத்துப் பட்டயங்களில்தான், அதுவும் பிற்காலக் கையால் மாற்றப்பட்டவை, சேர்க்கப்பட்டவை என்று ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட்ட வரிகளில். தங்களை நிறுவிய அம்மையாருக்கு ராஜ ரத்தம் இருந்தால் மடத்துக்கும் கௌரவம்தானே! ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி, குன்ட்ரடா இறந்து ஒரு தலைமுறை கடந்த பிறகு எழுதியவர், குன்ட்ரடா ஃபிளாண்டர்ஸ்காரரான கெர்பாடின் சகோதரி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஆன்செல்ம் ஆர்ச்பிஷப்பின் கடிதம்தான். வில்லியமின் மகன் முதலாம் ஹென்றி, திருமணத்துக்கு வெளியே பிறந்த தன் மகள் ஒருத்தியை குன்ட்ரடாவின் மகனான இரண்டாம் வாரன் பிரபுவுக்குக் கொடுக்க நினைக்கிறார். கூடாது, ஒரு பக்கம் நான்காம் படியிலும் மறுபக்கம் ஆறாம் படியிலும் (படி என்றால் பொது மூதாதையரிலிருந்து எண்ணும் தலைமுறை) இருவரும் உறவு என்று ஆன்செல்ம் எழுதுகிறார். குன்ட்ரடா ஹென்றிக்கு அக்காவாக இருந்திருந்தால் மாப்பிள்ளை பெண்ணுக்கு அத்தை மகன் ஆகிவிடுவார். நம் ஊரில் அது முறை மாப்பிள்ளை, நேராகப் பந்தக்காலே நட்டுவிடலாம். அங்கே அப்போது ஏழாம் படி வரை சர்ச்சின் தடை. அத்தை மகன் என்ற பெரிய காரணம் கையில் இருக்கும்போது ஒருவர் தூரத்து உறவைத் தேடிப்பிடித்து ஏன் சொல்லப் போகிறார்? 1888-லேயே ஃப்ரீமன் என்ற வரலாற்றாசிரியர் இந்த வாதத்தை வைத்தாயிற்று. சந்தா வாங்கும் வெப்சைட்டுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

இன்னொன்று, இரண்டாம் ஹென்றியின் மகன் வில்லியம் லாங்கெஸ்பே. இவருடைய அம்மா ராஜாவின் காதலியான பேரழகி ரோசமண்ட் என்று நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிராடன்ஸ்டோக் மடத்துக்கு லாங்கெஸ்பேயே கொடுத்த பட்டயத்தில் ‘என் தாய் கவுண்டஸ் ஐடா’ என்று இருக்கிறது. ஐடா நார்ஃபோக் பிரபு ரோஜர் பைகாடின் மனைவி. 1214-இல் பூவீன் போரில் பிடிபட்டவர்கள் பட்டியலில் ரால்ஃப் பைகாட் என்பவரை லாங்கெஸ்பேயின் சகோதரர் என்று குறித்திருப்பதும் இதோடு அப்படியே பொருந்துகிறது. பெற்ற பிள்ளையே அம்மா பெயரை எழுதிவைத்திருக்க, ஊர் கதைதான் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பக்கங்கள் பயங்கர நீளம், ஒரு பிரதேசத்துக் குடும்பங்கள் மொத்தமும் ஒரே பக்கத்தில். ஃபோனில் பார்த்தால் கட்டைவிரல் தேய்ந்துவிடும், லேப்டாப்பில் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடுவதுதான் வழி. ஒரே பெயரில் ஐந்து வில்லியம் வருவார்கள், எண்ணைக் கவனிக்காவிட்டால் தாத்தாவைப் பேரனாக்கிவிடுவீர்கள். அதைவிட முக்கியம், அவர் பெரும்பாலும் அச்சில் வந்த பழைய பதிப்புகளைத்தான் எடுத்தாள்கிறார், கையெழுத்துப் பிரதிகளை அல்ல. அந்தப் பதிப்பில் பிழை இருந்தால் இங்கேயும் பிழை. ஒரே ஆளின் உழைப்பு வேறு, புது ஆய்வுகள் எல்லாம் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாமல், எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் போதும். 1216 முதல் 1272 வரை என்றால் மூன்றாம் ஹென்றியின் ஃபைன் ரோல்ஸ் தளமும் இலவசம்தான். வாரிசு, விதவை, மைனர் பிள்ளை என்று ராஜாவுக்குப் பணம் கட்டியவர்கள் விவரம் எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கிறது.

5-க்கு 4 கொடுப்பேன். அந்த ஒன்று தேடல் வசதிக்காகக் குறைத்தது.

ஃபிரேம்காரரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். பொறுமையாகப் படித்தார், கோபப்படவில்லை. லூயிஸ் பக்கத்தில் சவுத்ஓவர் சர்ச்சில் குன்ட்ரடாவின் கறுப்புக் கல்லறைப் பலகை இன்னும் இருக்கிறது, அதில் ‘டியூக்குகளின் வழித்தோன்றல்’ என்று லத்தீனில் பொறித்திருக்கிறது என்று சொன்னதும்தான் நிமிர்ந்தார். எந்த டியூக் என்று அதில் போட்டிருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் ஃபிரேம் இருக்கட்டும் என்றார்.