கீத் பாரின் எட்டுத் தடங்கள்: ஏடாட் கருவியோடு நெடுநாள் பழக்கம்

ஈரோட்டில் உள்ள என் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏடாட் (எட்டு ஒலிகளைத் தனித்தனித் தடங்களாக வீடியோ கேசட்டில் பதியும் டிஜிட்டல் கருவி) இயந்திரங்கள் இரண்டு இன்னும் ஓடுகின்றன. அவற்றை உருவாக்கிய கீத் பார் 2010 ஆகஸ்டில் காலமானார். கிட்டார் வாசிப்பவர்கள் அவரை கிட்டார் ஒலியை மாற்றும் எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் கால்மிதிப் பெட்டிகளுக்காக நினைப்பார்கள். எனக்கோ, எங்கள் பக்கத்து உடுக்கைப் பாட்டைக் கருவிவாரியாகப் பிரித்து டிஜிட்டலில் பதிய வழி திறந்துவிட்ட மனிதர் அவர்.

1984இல் அவர் அலிசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஏடாட் 1991இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு கடைக்கு வந்தது. அதற்கு முன் பல தட டிஜிட்டல் பதிவு என்பது பெரிய கூடங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். ஏடாட்டின் அறிவிப்பு விலை 3,995 டாலர். விலை இறங்கியதற்கு முக்கியக் காரணம் நாடா. தனி நாடா எதையும் தேடாமல், எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டையும் அதைப் படிக்கும் சுழல் ஹெட்டையுமே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேர கேசட் சுமார் மூன்று மடங்கு வேகத்தில் ஓடி, 16 பிட் தரத்தில் எட்டுத் தடங்களை 40 நிமிடம் தாங்கும். 16 இயந்திரங்களைக் கோத்தால் 128 தடங்கள். அவரோடு வேறு பொறியாளர்களும் உழைத்தார்கள் என்றாலும், எளிய பொருளில் பெரிய வேலையை வாங்குவதுதான் பாரின் கைவண்ணம் என்பேன்.

இதன் அருமை அண்ணமார் கதையைப் பதிந்தபோது தெரிந்தது. பொன்னர், சங்கர், தங்காள் கதையை ஆசான் பாட ஆரம்பித்தால் 40 நிமிடத்தில் நிறுத்தச் சொல்ல முடியாது. அண்ணன்மார் மாண்டு விழும் படுகளம் நெருங்கும்போது யார்தான் கை காட்டி நிறுத்துவார்கள்? முதல் கேசட் முடியும் முன்பே இரண்டாவது இயந்திரத்தை ஓடவிடுவோம். இரண்டிலும் பதிந்த பகுதியைப் பிறகு பொருத்திக்கொள்வோம். உடுக்கைக்கு ஒரு மைக், ஆசான் குரலுக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று. ஆசான் உடுக்கையின் கயிற்றை அழுத்தும்போது நாதம் மேலே ஏறி வளையும். தனித் தடத்தில் கேட்டால், அந்த வளைவு பாட்டின் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பது தெளிவாகப் புரியும். உடுக்கையின் அடி சுரீரென்று வரும் என்பதால் அளவை நன்றாகத் தாழ்த்தியே வைப்பேன். டிஜிட்டலில் உச்சத்தைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பிறகு எந்த வித்தையாலும் அதை மீட்க முடியாது.

குறைகளும் உண்டு. புதிய கேசட்டை முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும். பதிந்தபடியே செய்யலாம் என்றாலும் தனியாகச் செய்வதே நல்லது. இரண்டு இயந்திரங்களும் ஒன்றோடொன்று இசைந்து ஓடச் சில விநாடிகள் ஆகும். பாடகர் ஆர்வத்தோடு காத்திருக்கும்போது அது பெரிய இடைவெளியாகத் தெரியும். எங்கள் ஊர்த் தறிப் பஞ்சுத் தூசி ஹெட்டுக்குப் பரம எதிரி. மழைக்காலத்தில் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே இயந்திரத்தை மூடியே வைப்பேன். கேசட்டுகள் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் இருக்கும்.

இயந்திரத்தின் காலம் முடிந்தாலும் அதோடு வந்த ஒளியிழை இணைப்பின் காலம் முடியவில்லை. ஒரு மெல்லிய வடத்தில் எட்டு ஒலித்தடங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 24 பிட் வரை தாங்கும். இன்றும் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் புதிய ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் அந்தத் துளை இருக்கிறது. அலிசிஸுக்குப் பிறகு பார் தொடங்கிய ஸ்பின் செமிகண்டக்டரின் எஃப்வி-1 சிப், சிறு தயாரிப்பாளர்களின் எதிரொலிப் பெட்டிகளில் உயிரோடு இருக்கிறது. அவருடைய பேர் சொல்ல இந்த இரண்டே போதும் என்று நினைக்கிறேன்.

கோயில் பாட்டோ கும்மியோ கதைப்பாட்டோ ஏடாட் கேசட்டில் வைத்திருப்பவர்கள் இப்போதே கணினிக்கு மாற்றிவிடுங்கள். உதிரி பாகமும், பழுது பார்க்கத் தெரிந்த கையும் குறைந்துகொண்டே வருகின்றன. அனலாக் வழியே எடுக்காமல் ஒளியிழை வடத்தை நேராக இன்டர்ஃபேஸில் செருகுங்கள். டிஜிட்டல் ஒலியின் வேகத்தை ஒழுங்குபடுத்தும் இன்டர்ஃபேஸின் கடிகாரத்தை வெளியிலிருந்து வரும் ஏடாட் சமிக்ஞையைப் பின்பற்றும்படி வையுங்கள். இல்லையென்றால் நடுவில் டிக் டிக் என்று ஒலி உடையும். முதலில் கேசட்டை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிடுவது நல்லது; பூஞ்சை தெரிந்தால் மட்டும் சுத்தம் செய்யாமல் உள்ளே போடவே கூடாது. என்னிடம் உள்ளவற்றில் கதைப்பாட்டுகளை ஏற்றி முடித்துவிட்டேன். கும்மிப் பாட்டுகளைத் தை பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.