கூழாங்கல்: 75 நிமிடப் படம், இரண்டரை வருடக் காத்திருப்பு

விருது வாங்கிய படம் என்று யாராவது சொன்னாலே எனக்குக் கொஞ்சம் பயம். அதனாலோ என்னவோ, 'கூழாங்கல்' 2023 அக்டோபர் கடைசியில் சோனிலிவ் ஓடிடியில் வந்ததும் பஸ்ஸில் போகும்போது ஃபோனில் போட்டுப் பார்த்துவிட்டு, இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு ஆள் முன்னால் வேகமாக நடக்கிறார், பின்னால் ஒரு பையன் நடக்கிறான், சுற்றிலும் வெயில், அவ்வளவுதான் தெரிந்தது. பல மாதம் கழித்து வீட்டு டிவியில் சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி பார்த்தேன். தப்பு என்னுடையது. உள்ளங்கை அளவு திரையில் அந்தப் பொட்டல் வெறும் மஞ்சள் நிறம். டிவியிலேயே அது இப்படி இருக்கிறதென்றால் திரையரங்கில் எப்படி இருந்திருக்கும் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

கதை ஒரு வரிதான். குடிகாரக் கணபதி, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைத் திரும்பக் கூட்டிவர, பள்ளிக்கூடத்தில் இருந்த மகன் வேலுவைப் பாதியில் இழுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். போன இடத்தில் அடிதடி. மனைவி அங்கே இல்லை, ஏற்கெனவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று தெரிந்து ஆத்திரத்தோடு திரும்பப் பார்க்கிறார். இந்த வெறியோடு அப்பா வீடு போய்ச் சேர்ந்தால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று பையனுக்குத் தெரியும், பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறம் நடைதான், 13 கிலோமீட்டர்.

இதை வைத்துக்கொண்டு குடிக்கு எதிராக ஒரு பிரசங்கம் பண்ணியிருக்கலாம், பெண்களின் துயரம் பற்றி நாலு பக்க வசனம் எழுதியிருக்கலாம். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் இரண்டையும் செய்யவில்லை. போகிற வழியில் ஒரு குடும்பம் வளையைத் தோண்டி எலி பிடித்துச் சுட்டுச் சாப்பிடுவதைக் கேமரா பொறுமையாகப் பார்க்கிறது, பரிதாபப்படச் சொல்லவில்லை. பையன் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து முன்னால் போகும் அப்பாவின் முதுகில் வெயிலைத் திருப்பிவிடுகிறானே, அந்த ஒரு காட்சிக்காகவே இரண்டாம் தடவை பார்க்கலாம். அடிக்கிற அப்பாவை ஒரு சின்னப் பையனால் வேறு எப்படித் திருப்பி அடிக்க முடியும்? தாகத்துக்கு வாயில் போட்டுக்கொண்டு நடந்த கூழாங்கல்லை வீட்டுக்கு வந்ததும் ஒரு இடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது. இந்த நடை எத்தனையாவது நடை என்று வசனமே இல்லாமல் புரிந்துவிடுகிறது.

கணபதியாகக் கருத்தடையானும் வேலுவாகச் செல்லப்பாண்டியும் நடித்திருக்கிறார்கள் என்று சொல்வதே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, அந்த நடை அப்படி. இசை யுவன் சங்கர் ராஜா என்று பெயர் வருகிறது, பாட்டை எதிர்பார்த்து உட்காராதீர்கள். காற்றும் செருப்புச் சத்தமும்தான் முக்கால்வாசி இசை.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. கணபதி முதல் காட்சியில் எந்தச் சூட்டில் இருக்கிறாரோ அதே சூட்டில்தான் கடைசி வரைக்கும் இருக்கிறார், அந்த ஆள் ஏன் இப்படி ஆனார் என்று ஒரு கீற்றாவது கிடைத்திருக்கலாம். பஸ்ஸுக்குள் நடக்கும் சண்டை மட்டும் ஒத்திகை பார்த்ததுபோல எனக்குப் பட்டது. இன்னொன்று, படம் பார்த்துவிட்டு, கதை நடக்கிற மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி என்றால் வெறும் பொட்டல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுனைகளும் பறவைகளும் இருக்கிற அந்த ஊரைத்தான் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று மக்கள் போராடி, 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்ய வைத்ததும் அங்கேதான். படம் அந்த மண்ணின் ஒரு முகத்தை, அதுவும் உச்சிவெயில் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

சரி, இந்தப் படம் நம்மிடம் எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய குறை. இயக்குநர் தன் சொந்தச் சகோதரியின் வாழ்க்கையில் நடந்ததிலிருந்து எடுத்த கதை இது. கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுக் குழந்தையோடு நடந்தே ஊர் திரும்பிய பெண்ணின் கதை, அந்த நடையைப் படத்தில் ஆணுக்குக் கொடுத்துவிட்டார். விக்னேஷ் சிவன், நயன்தாராவின் ரவுடி பிக்சர்ஸ் தயாரிப்பாளராகக் கைகொடுத்தது. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருது, தமிழ்ப் படம் ஒன்றுக்கு அது முதல்முறை. அதே வருடம் ஆஸ்கர் போட்டிக்கு இந்தியா அனுப்பிவைத்த படமும் இதுதான். அந்த நேரத்தில் படத்தின் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது, படம்தான் எங்கேயும் கிடைக்கவில்லை! இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்து, ஆர்வமெல்லாம் ஆறிப்போன பிறகு, திரையரங்கு இல்லாமல் நேராக ஓடிடியில் வந்து இறங்கியது.

இதற்குள் விளம்பரம் என்று நம் காதில் விழுந்ததெல்லாம் ராட்டர்டாம், ஆஸ்கர், நயன்தாரா, இந்த மூன்று சொல்தான். கண்ணாடித் துண்டைப் பற்றியோ கிழிந்த நோட்டைப் பற்றியோ யாரும் என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் முதல் தடவையே ஒழுங்காகப் பார்த்திருப்பேன். விருதுப் பட்டியலைப் படிக்கிறவனுக்கு இது ஏதோ பரீட்சை என்று தோன்றிவிடுகிறது. பார்த்தவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்: காவியம் என்றார்கள், இல்லாவிட்டால் நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்று கிண்டல் செய்தார்கள். இது நல்ல விறுவிறுப்பான படமும்கூட, வீடு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற பதற்றம் கடைசி வரை இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னவர்கள் குறைவு.

வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' சூரியின் முகத்தோடும் சிவகார்த்திகேயனின் தயாரிப்போடும் 2024 ஆகஸ்டில் திரையரங்குக்கே வந்தது. அப்போது, இந்த மாதிரிப் படத்தை ஏன் திரையரங்குக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று சினிமாவுக்குள்ளிருந்தே கேட்டார்கள். ஓடிடிக்குப் போனால் யாரும் பார்ப்பதில்லை, திரையரங்குக்கு வந்தால் ஏன் வந்தாய் என்கிறார்கள். அப்புறம் எங்கேதான் போவது?

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: கடைசியில் பெண்கள் ஊற்றுக் குழியைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீர் எடுக்கும் காட்சி நீளமாகப் போகும், ரிமோட்டைத் தொடாதீர்கள். நான் பார்த்தபோது அம்மா பாதியில் வந்து உட்கார்ந்தார். டைகர் விருது, ஆஸ்கர் எதுவும் அவருக்குத் தெரியாது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும், "பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தண்ணி மிஞ்சுமாடா?" என்று கேட்டார்.